கூடிக் கொட்டுகிறவர்கள்

பாடுகிறவனுக்குத் தனிமை ஒரு குறை அல்ல. ஒரு தம்புரா இருந்தால் போதும். அதுவும் இல்லாமல், கிணற்றடியில் குளித்துக்கொண்டே ஒரு தோடியை அவன் ஆற அமரப் பாடி முடித்துவிடலாம். நாவல் எழுதுகிறவனுக்கோ தனிமைதான் தொழிற்சாலை. நாலு பேர் சேர்ந்து எழுதி நன்றாக வந்த நாவலை நான் இதுவரை படித்ததில்லை. கொட்டுகிறவனுடைய விஷயம் வேறு. அவனும் தனியே உட்கார்ந்து மணிக்கணக்காகச் சாதகம் செய்யலாம். விரல் தேறும்; வேகம் கூடும்; கணக்குப் பிடிபடும். ஆனால் அவ்வளவும் ஆன பிறகுகூட அவன் வாத்தியக்காரன் ஆகிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. இன்னொருவன் போட்ட அடிக்குப் பதில் போடும்போதும், போடாமல் விடவேண்டிய இடத்தில் கையை அடக்கிக்கொள்ளும்போதுந்தான் அவன் வாத்தியக்காரன் ஆகிறான்.

ஆகவே, தாள வாத்தியக்காரர்கள் ஒரு கூட்டத்தைச் சேர்ந்திருப்பதால் அவர்களுக்கு என்ன லாபம் என்ற கேள்வி, கேட்கத் தேவையில்லாத கேள்வியாகத் தோன்றலாம். கேட்கத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ‘கூட்டம்’ என்று சொல்லும்போது யார் யாரைக் கணக்கில் சேர்க்கிறோம், யாரை வாசலில் நிறுத்திவிடுகிறோம் என்பதை நாம் சாதாரணமாக யோசிப்பதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

மதுரைப் பக்கத்தில் இதை நேரில் காண்பதற்குச் சித்திரைத் திருவிழாவைவிட நல்ல சமயம் கிடையாது. சித்ரா பௌர்ணமியன்று அதிகாலையில் அழகர் வைகையில் இறங்குகிறார். வழிநெடுக மண்டகப்படி கண்டருளி, இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேருகிறார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார். அந்தப் பகலும் இரவும் சுற்றுப்பட்டிக் கிராமத்து ஜனங்களோடு உறுமியும் பறையும் சேர்ந்தே வருகின்றன. சபாவுக்குப் போய்ப் பழகிய காதுக்கு முதலில் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஒரு கால் மணி நேரம் பொறுமையாக நின்றால் விஷயம் விளங்க ஆரம்பிக்கும். ஒருவன் மாறாத ஓர் அடியைச் சுவர் மாதிரி எழுப்பிக்கொண்டே போகிறான். மற்றொருவன் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு விளையாடுகிறான். மூன்றாமவன் இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் மட்டும் அடிக்கிறான். எதிரே வேறு ஊர்ச் செட்டு ஒன்று வேறு காலப்பிரமாணத்தில் வந்துவிட்டால், நல்ல செட்டு அதனால் இழுபடுவதில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துத் தங்கள் நடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இதைத் தனியாக உட்கார்ந்து எவனும் கற்றுக்கொள்ள முடியாது.

பறையின் அமைப்பிலேயே இந்தக் கூட்டு இருக்கிறது. வளையமாகச் சேர்த்த மரச்சட்டம். அதில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. முறுக்குவதற்குத் திருகாணியோ வாரோ கிடையாது. வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் தோலைக் காய்ச்சினால்தான் நாதம் எழும்பும். பனியில் அது இறங்கிவிடும். மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஒரே நெருப்பைச் சுற்றி நின்று எல்லாரும் காய்ச்சுகிறார்கள்; ஒருவருடையதைத் தட்டிப் பார்த்து மற்றவர் தம்முடையதைச் சரிசெய்கிறார். சுருதி சேர்ப்பது என்று மேடையில் சொல்கிறோமே, அதுதான் இது. இப்போது செயற்கைத் தோல் போட்ட பறைகள் வந்துவிட்டன. மழைக்கு அசையாது, நெருப்பு வேண்டாம், சௌகரியந்தான். ஆனால் நெருப்பைச் சுற்றி நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் சின்னப் பையன்கள் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் இனி எந்த நேரத்தில் நடக்கப்போகிறது?

கூட்டம் முதலாவதாகக் கொடுப்பது கண்டிப்பு. கைபேசியைத் திறந்தால் இன்று எந்த வாத்தியத்தின் எந்தப் பாடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். அது அடியைக் காட்டும். ‘நிறுத்து, நீ ஓடுகிறாய்’ என்று சொல்லாது. பக்கத்தில் நிற்கிறவன் சொல்லுவான். சொல்ல வேண்டியதுகூட இல்லை, ஒரு பார்வை போதும். இரண்டாவதாகக் கொடுப்பது ஞாபகம். சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று வைத்திருக்கிற இந்தக் கலையை யாரும் ஏட்டில் எழுதி வளர்த்ததில்லை. பல பேர் கையில் பரவியிருப்பதால்தான் ஒரு கை ஓய்ந்தாலும் அடி அழிவதில்லை. இவை இரண்டும் எந்தத் தாள வாத்தியக்காரனுக்கும் பொதுவான லாபங்கள்.

தெருவில் வாசிக்கிறவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று சபா ரசிகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். கர்நாடக சங்கீதத்தின் லய சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, அரண்மனையில் விளக்குப் பிடிக்கிற வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். அவர் லயம் கற்றது மாரியப்பத் தவில்காரரிடம். தவிலுக்கும் கச்சேரி மேடைக்கும் நடுவே அன்று ஒரு கதவு திறந்திருந்தது. அதன் வழியாக வந்த கணக்குத்தான் தட்சிணாமூர்த்தி பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை என்று சிஷ்யர்களிடம் பெருகிப் புதுக்கோட்டை வழி என்ற பெயர் பெற்றது. முத்தையா பிள்ளையின் குமாரர் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் மேடையேறினால் வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் உட்கார வேண்டும். பிடில்காரர் எழுந்து இடம் மாற வேண்டும். இந்த அற்ப அசௌகரியம் அவருக்கு எத்தனையோ சந்தர்ப்பங்களைக் கெடுத்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். 1962இல் காலமான அந்த மேதையின் வாசிப்பை ஒலிப்பதிவில் இன்று கேட்கிறவர்கள், ஓர் இருக்கையை மாற்றிப் போட்டதற்குச் சங்கீதம் பெற்ற லாபம் எவ்வளவு என்று தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

கதவு மூடியிருந்த இடமும் உண்டு. மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அந்தத் தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, மூட்டி, நாதத்தை உண்டாக்குகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞரின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. இந்தத் தொழிலாளர் குடும்பங்களின் கதையை டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார். வாசிக்கிறவனும் செய்கிறவனும் சேர்ந்து தட்டிப் பார்த்து, முகம் சுளித்து, பிரித்து, மறுபடி மூட்டிய அந்த உறவைவிட நெருக்கமான ஒரு வித்வத் சபையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் பாட்டைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களில் அவர்களில் ஒருவர் மட்டுமே வித்வான். மற்றவர் ‘ரிப்பேர் பார்க்கிறவர்’.

இனி மறுபடி பறைக்கு வருவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு இவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. அத்தனை பழைய பெருமை பிற்காலத்தில் அதைக் கொட்டுகிறவனுக்குச் சோறு போடவில்லை. ஊரில் சாவு விழுந்தால் வந்து கொட்டியாக வேண்டும்; கூலி கொடுத்தது கூலி; மறுத்தால் ஊர்க்கட்டுப்பாடு. அங்கேயும் ஒரு கூட்டம் இருந்தது. அது பிறப்பினால் வந்த கூட்டம். கண்டிப்பும் ஞாபகமும் அதில் குறைவில்லாமல் இருந்தன. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. கூட்டம் என்றாலே நல்லது என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

1990களில் இந்த நிலைமை அசைய ஆரம்பித்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில், இழிவின் அடையாளமாக இருந்த பறை உரிமையின் குரலாக மாறியது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு கிராமியப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பது என்பதையே ஒரு வேதாந்தமாகப் போதித்தவர் அவர். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்திய சக்தி கலைக்குழுவில், பறையைத் தொடவே கூடாது என்றிருந்த பெண்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ‘ஏய்’ என்று கூப்பிடப்பட்ட தொழிலைச் செய்த ஒருவரை நாடு ‘ஆசான்’ என்ற பெயராலேயே அழைத்தது. விருதைவிட அந்தச் சொல் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் குழுக்கள் தாமாகச் சேர்ந்தவை. அடி அதே அடிதான். நெருப்பு அதே நெருப்புத்தான். ஆனால் குழுவாக நிற்கிறவன் கூலியை முன்கூட்டிப் பேசுகிறான். எந்த நிகழ்ச்சிக்குப் போவது, எதற்குப் போகாமலிருப்பது என்று கூடித் தீர்மானிக்கிறான். இனிச் சாவுக்கு அடிப்பதில்லை என்று சில குழுக்கள் முடிவு செய்திருக்கின்றன. சாவு அடியில்தான் எங்கள் வித்தையின் பெரும்பகுதி இருக்கிறது, அதை ஏன் விடவேண்டும் என்கிறவர்களும் உண்டு. கலையை ரசிக்கிறவன் என்ற முறையில் அந்த அடிகள் அழியக்கூடாது என்ற ஆசை எனக்கு இருக்கிறது. ஆனால் அது என் ஆசை, தீர்மானம் அவர்களுடையது. ஒரு கலைஞனுக்குக் கூட்டம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய லாபம், வாசிக்க மறுக்கும் சக்திதான்.

நமக்கு மட்டும் உரிய கதை அல்ல இது. ஜப்பானில் டைகோ என்ற பெரிய முரசு உண்டு. பலர் சேர்ந்து பல அளவு முரசுகளை மேடையில் கொட்டும் இன்றைய முறையை, ஜாஸ் வாசித்துப் பழகிய ஓகுச்சி என்பவர் 1951இல் தொடங்கினார். உலகமெங்கும் அது பரவியது. அந்த முரசுக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்தவர்களோ தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்ட புராக்கு மக்கள். தாங்கள் செய்த முரசை ஊரெல்லாம் கொட்ட, தாங்கள் மட்டும் கொட்டாமல் இருந்தார்கள். 1987இல் ஓசகா நகரத்து இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் ‘கோபம்’.

இப்போது நம் நகரங்களில் பறைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. உத்தியோகஸ்தர்களும் கல்லூரி மாணவ மாணவிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்கிறார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆறு வாரத்தில் வித்தை வந்துவிடாது என்றாலும், பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே அடியில் விழும் சந்தோஷம் வந்துவிடும். அது பொய்யான சந்தோஷமும் அல்ல. பல ஜாதிக் கையும் தொட்டால் வாத்தியத்தின் மேலுள்ள தீட்டுப் போய்விடும் என்று சொல்கிற ஆசான்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வாத்தியத்தின் மேலுள்ள தீட்டு வேறு. மனிதன் மேலுள்ள தீட்டு வேறு. முதலாவது போன பிறகும் இரண்டாவது அப்படியே இருக்கக்கூடும் என்பதற்கு மிருதங்கத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். தோலை அக்கிரகாரம் மடியில் வைத்துக்கொண்டது. தோல் கொடுத்தவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. பறைக்கும் அதே கதி வரக்கூடாது என்றால், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அடியோடு கூடச் சில கேள்விகளையும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பறையைச் செய்தவர் யார்? அவருக்குக் கொடுத்தது என்ன? நாளை நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த ஆசானை அழைத்தால், அவரை எந்தப் பந்தியில் உட்காரவைப்போம்?

கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கூடிக் கொட்டுகிறவர்களின் இலக்கணமே அதுதானே? பக்கத்தில் இருப்பவன் அடி காதில் விழாமல் தன் அடியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவனை எந்தச் செட்டும் வைத்துக்கொள்வதில்லை. கற்றுக்கொடுக்கிற கூட்டம் எத்தனை பேரைத் தன்னவர் என்று ஒப்புக்கொள்கிறதோ, அத்தனை பேருடைய வித்தையும் கற்கிறவனுக்குக் கிடைக்கும். ஒப்புக்கொள்ளாதவர்களுடையது கிடைக்காது, கிடைத்தாலும் அது இரவல்தான்.