சமநிலை என்ற சொல் பொருந்துமா?

உடல் தன் உள்நிலையைக் காத்துக்கொள்ளும் திறனைப் பாடநூல்களும் அறிவியல் கட்டுரைகளும் 'சமநிலை' என்ற சொல்லாலேயே விளக்குகின்றன. தராசை உவமை காட்டுவோரும் உண்டு. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த உவமை உறுத்துகிறது.

உறைபனிக் காலத்தில் ஊட்டியில் ஒரு கோப்பைத் தேநீரை இரவு முழுவதும் அறையில் வைத்திருங்கள். அது அறையின் குளிருக்கு இறங்கி நின்றுவிடும். அதுதான் வெப்பச் சமநிலை. அதே அறையில் உறங்கும் மனிதனின் உள்வெப்பமோ ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசிலேயே இருக்கும். சுற்றுப்புறத்தோடு சமநிலை அடைவது பிணம் அன்றோ!

1926-இல் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்ற சொல்லைப் படைத்த அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கானன், சமநிலை என்பது எளிய இயற்பியல், வேதியியல் அமைப்புகளுக்கு உரிய சொல் என்று கருதியே அதை ஒதுக்கினார். இலங்கைத் தமிழர் இதனை 'ஒருசீர்த்திடநிலை' என்கின்றனர். நாவுக்குக் கடினந்தான், ஆனால் தராசை நினைவூட்டுவதில்லை.

தராசில் இரண்டே தட்டுகள். உடலில் தேவைகள் பல. அவை தமக்குள் மோதவும் செய்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறுகிறீர்கள் என்று கொள்வோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். (மலையில் இந்த விழுக்காடே குறையும் என்று எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.) குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவுள்ள அழுத்தம், ஊட்டியில் சுமார் 580 ஆகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

கழுத்துத் தமனிகளை ஒட்டியுள்ள நுண்ணிய உணர்வுறுப்புகள் இதை மூளைக்கு அறிவிக்கின்றன. மூச்சு சற்று மிகுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மிகுந்த மூச்சு கரியமில வாயுவையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது. உடனே மூளையே மூச்சுக்குத் தடை போடுகிறது! இன்னும் இழு என்கிறது ஓர் உணர்வு. போதும் என்கிறது மற்றொன்று. இந்த வழக்கைத் தீர்த்து வைப்பது நுரையீரலன்று, சிறுநீரகம். சில நாட்களில் அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, தடை தளர்கிறது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோனும் பெரும்பாலும் சிறுநீரகத்திலேயே உண்டாகிறது. அதன் பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

சுவாச மண்டலம் ஒரு பாடம், கழிவு மண்டலம் வேறு பாடம் என்று பயிலும் மாணவர், "சிறுநீரகம் கழிவை அகற்றுகிறது" என்று எழுதி முழு மதிப்பெண் பெறுவார். மூச்சுக்கும் அதற்கும் உள்ள உறவை அவர் அறிய வழியேது?

இது தேர்வோடு முடிகிற குறையன்று. இரத்த அழுத்தம் 'சமநிலைக்கு வந்துவிட்டது' என்று எண்ணி, மருத்துவரைக் கேளாமலே மாத்திரையை நிறுத்திவிடுவோரை நீங்களும் அறிவீர்கள். மாத்திரை அன்றாடம் தாங்கிப் பிடித்திருந்த அளவு அது. பிடி விட்டதும் மீண்டும் ஏறத் தொடங்குகிறது.