ஈஸ்டுக்குள் ஒரு மனிதப் புரதம்

முளைத்துவிட்டது! 36 டிகிரி இன்குபேட்டரிலிருந்து பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். இடப்பக்கம் வெறும் அகர். வலப்பக்கம் குண்டூசித் தலை அளவில், பாலாடை நிறத்தில், காலனி காலனியாக ஈஸ்ட். அவ்வளவையும் பிழைக்க வைத்தது ஒரு மனித மரபணு.

இந்த ஈஸ்டின் பெயர் ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பாம்பே. கிழக்கு ஆப்பிரிக்கத் தானிய பீரிலிருந்து 1893-இல் பிரித்தெடுத்தார்கள். ஸ்வாஹிலியில் ‘பொம்பே’ என்றால் பீர்தான். பிளேட்டைத் திறந்தால் இன்றும் லேசாகக் கள் வாடை அடிக்கும். எனக்குப் பிடித்த வாடை அது, வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை.

குச்சி போன்ற செல். நீளமாக வளரும், நட்டநடுவில் சுவர் எழுப்பி இரண்டாகும். ‘இப்போது பிரியலாம்’ என்று அனுமதி கொடுப்பது சிடிசி2 என்ற புரதம். என்னிடம் இருந்த மியூட்டன்டில் இந்தப் புரதம் 25 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும், 36-இல் படுத்துவிடும். வலப்பக்க ஈஸ்டுக்குள் மனிதனின் சிடிசி2 மரபணுவை, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து ஏற்றியிருந்தேன்; இடப்பக்க ஈஸ்டுக்கு வெறும் பிளாஸ்மிட் மட்டும்.

1987-இல் லண்டனில் மெலனி லீயும் பால் நர்ஸும் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். மனிதனிடம் சிடிசி2 இருக்கிறதா என்று அவர்கள் தேடி அலையவில்லை. மனித மரபணுக்களின் ஒரு பெரிய தொகுப்பையே இப்படிப்பட்ட மியூட்டன்ட் ஈஸ்டுக்குள் ஏற்றிவிட்டு, எது பிழைக்கிறது என்று பார்த்தார்கள். பிழைத்த ஈஸ்டுக்குள் மனித சிடிசி2 மரபணு உட்கார்ந்திருந்தது. தேடும் வேலையை ஈஸ்டின் தலையிலேயே கட்டிவிட்ட அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு! 2001-இல் நர்ஸுக்கு நோபல் கிடைத்தது.

இதில் என்னை உலுக்கியது இன்னொன்று. சிடிசி2 தனியாக ஒன்றும் செய்யாது. சைக்ளின் என்ற துணைப் புரதம் வந்து ஒட்டிக்கொண்டால்தான் அதற்கு உயிர். சைக்ளினை டிம் ஹன்ட் 1982-இல் கண்டுபிடித்தது கடல் முள்ளெலி முட்டைகளில். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் காணாமல் போய்த் திரும்பச் சேரும் புரதம் அது. என் பிளேட்டில் மனித சிடிசி2-க்கு மனித சைக்ளின் ஏது? ஈஸ்டின் சைக்ளினோடுதான் அது கைகோத்திருக்கிறது. நமக்கும் ஈஸ்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருந்தும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொண்டனவே, இரண்டும்!

நீண்ட காலம் மாறாமல் கிடக்கும் புரதங்கள் வேறும் உண்டு. ஹிஸ்டோன் எச்4-இல் பசுவுக்கும் பட்டாணிக்கும் 102 அமினோ அமிலங்களில் இரண்டே வித்தியாசம். 2015-இல் டெக்சாஸில் எட்வர்ட் மார்கோட்டின் குழு, ரொட்டி ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 400-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மனித மரபணுவை வைத்துப் பார்த்தது. ஏறக்குறைய பாதி வேலை செய்தன. ஆனால் அதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இது என் கையால் தேய்த்த பிளேட்!

முதல் தடவை நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டை மறதியாக 25 டிகிரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலனிகளைப் பார்த்துத் துள்ளிக் குதித்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மதியம் சீனியர் அக்கா வந்து, “வெறும் பிளாஸ்மிட் போட்ட பக்கமும் முளைச்சிருக்கே, பார்த்தியா?” என்றார். டீக்காசு போனதுதான் மிச்சம்.

இந்த முறை அவரையே முதலில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார வைத்தேன். மனித மரபணு இல்லாத செல்கள் பிரிய வழி தெரியாமல் சேமியா போல நீண்டு கிடந்தன. அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடை வைத்தார். கட்டைகட்டையாகச் செல்கள், ஒன்றின் நடுவில் அப்போதுதான் மெல்லிய கோடாகச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்காமலே, “டீ சொல்லு” என்றார்.