பார்க்க வேண்டிய இடங்களும் பட்டியலில் இல்லாத ஆறும்: அமிர்தியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் ஒரு தனி எழுத்து வகைமை இருக்கிறது. விமர்சகர்கள் யாரும் அதை உட்கார்ந்து வாசித்ததாகத் தெரியவில்லை. 'சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று அதற்குப் பெயர். மாவட்டக் கையேடுகளில், சுற்றுலாத் துறைத் துண்டறிக்கைகளில், நாளிதழ்களின் கோடை விடுமுறை இணைப்புகளில், பஸ் ஸ்டாண்டில் விற்கிற பொது அறிவுப் புத்தகங்களில் அது தொடர்ந்து அச்சாகி வருகிறது. எழுதியவன் பெயர் இருக்காது. ஆசிரியனின் மரணம் பற்றி நாமெல்லாம் சிறுபத்திரிகைகளில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆசிரியனே இல்லாத இந்தப் பிரதி அரசாங்கச் செலவில் லட்சக்கணக்கில் விநியோகமாகிக்கொண்டிருந்தது. நம் எழுத்து எதையும்விட இதற்கு வாசகர் அதிகம். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

வேலூருக்கான பட்டியலை எடுத்துக்கொள்வோம். கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், அருங்காட்சியகம், 2007க்குப் பிறகு ஸ்ரீபுரம் பொற்கோயில், அப்புறம் ஏலகிரி, காவலூர் வானாய்வகம், அமிர்தி. அமிர்திக்கான பதிவு பெரும்பாலும் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967இல் தொடங்கப்பட்ட உயிரியல் பூங்கா. 25 ஹெக்டேர் பரப்பு. புள்ளிமான், முள்ளம்பன்றி, முதலை, மயில், கழுகு. ஒரு கிலோமீட்டர் நடந்தால் அருவி. காட்டின் ஒரு பாதி திருத்தப்பட்டுச் சுற்றுலாத் தலமாக்கப்பட்டது, மறுபாதி காப்பிடமாக விடப்பட்டது என்று சில பதிவுகளில் ஒரு வரி கூடுதலாக வரும். அவ்வளவுதான் பிரதி.

இதன் மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'இயற்கை எழில் கொஞ்சும்', 'மனதை மயக்கும்', 'கண்டு களிக்கலாம்', 'நீராடி மகிழலாம்'. கொஞ்சுவதும் மயக்குவதும் இயற்கையின் வேலை. மனிதனுக்கு வைத்திருப்பது ஒரே ஒரு விகுதி: 'லாம்'. காணலாம், நடக்கலாம், குளிக்கலாம். இது அனுமதியின் இலக்கணம். யார் அனுமதிக்கிறார்கள் என்பது வாக்கியத்துக்குள் இல்லை. அது நுழைவாயிலில் பலகையாக நிற்கிறது. அங்கே விகுதி மாறி, 'கூடாது' ஆகிவிடுகிறது. நெகிழிப் பை கொண்டுவரக் கூடாது, விலங்குகளைச் சீண்டக் கூடாது, காட்டுக்குள் செல்லக் கூடாது. துண்டறிக்கையின் 'லாம்' ஒரு கை, பலகையின் 'கூடாது' இன்னொரு கை. ரெண்டும் ஒரே உடம்புடையவை. அந்த உடம்பு வனத்துறை. அது 1882ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்தில் அதிகாரம் பெற்று இன்றுவரை நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

ரொலாண் பார்த் 1957இல் வெளியான தன் 'தொன்மங்கள்' நூலில் பிரெஞ்சுக்காரர்களின் பயணக் கையேடு ஒன்றைக் கட்டுடைத்துக் காட்டியிருக்கிறார். அந்தக் கையேட்டுக்கு மலையும் கோயிலும் மட்டுமே நிலம். அங்கே வாழ்கிற மனிதர்கள் வெறும் வகைமாதிரிகள் என்பது அவர் வாதம். நம் துண்டறிக்கை அதைவிடச் சிக்கனமானது. வகைமாதிரியாகக்கூட மனிதரை அது வைத்துக்கொள்வதில்லை. ஜவ்வாது மலையில் மலையாளி என்று பெயர் கொண்ட பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள்.) பட்டியலில் அவர்கள் வருவதென்றால் தேனாக, சாமையாக, பலாப்பழமாக வருவார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுக் கொன்றபோது, செத்தவர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். பக்கத்து மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், 1992 ஜூனில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் வாச்சாத்திக்குள் புகுந்து செய்ததை நம் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 215 பேர் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது, 2023இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. மரத்தை மனிதரிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்கிற அதே துறைதான் ஞாயிற்றுக்கிழமை நமக்கு டிக்கெட் கிழித்துத் தருகிறது. நமக்கு 'லாம்', மலைக்காரருக்குத் தலைமுறை தலைமுறையாகக் 'கூடாது'. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இந்த இலக்கணத்தைத் திருத்த வந்தது. அதன் கதை வேறொரு கட்டுரைக்கானது.

இனி ஆற்றுக்கு வருவோம். வேலூர்ப் பட்டியல்களில் பாலாறு பார்க்க வேண்டிய இடமாக வராது. ஒரு ஆறு, அதன் பெயரிலேயே பால் இருக்கிறது, ஊருக்கு நடுவே போகிறது. பட்டியல்காரனின் கண்ணில் படவில்லை. படாததற்குக் காரணம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று கரையோரமாக வந்த டேனரிகள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். நாசம் செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நீதிமன்ற மொழிக்குள் ஊன்றி நின்றது எங்க ஆத்தைச் சாக்கிட்டுத்தான். ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்றும், இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் கணக்கு வருகிறது.

இந்த எண்ணையும் துண்டறிக்கையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். போனது 35,000 ஹெக்டேர். பார்த்துக் களிக்கக் கிடைத்தது 25. ஆயிரத்து நானூறுக்கு ஒன்று. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை யாரும் கொடுக்கவில்லைதான்; 1967இல் பூங்கா தொடங்கியவர்கள் பாலாற்றை நினைத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஒரு பிரதி தன் எழுத்தாளனின் நோக்கத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறோம். ஆற்றங்கரையில் உட்கார முடியாமல் போன ஜனங்கள் 25 கிலோமீட்டர் பயணம் போய் உட்கார ஒரு ஓடை தேவைப்படுகிறது. அமிர்தி இப்போது செய்கிற வேலை அது.

மலையும் டேனரியும் வேறு வேறு உலகம் என்பது பட்டியல் கட்டமைத்த பொய். பழைய முறையில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். ஆவாரம் இந்தக் கரட்டு நிலத்துப் புதர். கடுக்காய் இந்த மலைகள் தருகிற பொருள். அதாவது தோலும் காடும் ஒரே சந்தையில் புழங்கின. 1972இல் சீதாராமய்யா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணிக்கு நல்ல யோசனை. குரோமியம் டிரம்முக்குள் பரவலாக ஏறியது அதற்குப் பிறகுதான். பட்டைக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. அப்போதும் உப்பும் சுண்ணாம்பும் கழிவாகத்தான் போயின, குழியில் இறங்கி நின்றவர்கள் அப்போதும் சேரிக்காரர்கள்தான். ஆனால் ஐரோப்பாவின் கால்களுக்குச் செருப்பு தைக்கும் வேலை இங்கே வந்தபோது, அங்கே வைத்துக்கொள்ள விரும்பாத அழுக்கும் சேர்ந்து வந்தது. டேனரி முதலாளியின் மதத்தைச் சொல்லி இந்தக் கதையைச் சுருக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் செருப்பு எந்தக் கப்பலில் போகிறது என்று பார்ப்பதில்லை. அரசு ஆதரவில் தொடங்கிய குரோமேட் ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் 1995 வாக்கில் மூடிவிட்டுப் போனபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. பல பத்தாண்டுகள் அது திறந்த வெளியில் கிடந்தது. ஒரு குன்றுதான், பார்க்கலாம்தான், பட்டியலில் சேர்க்கவில்லை.

தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது விலங்கையும் மரத்தையும் பறவையையும் சொல்லி, அதே மூச்சில் அந்த நிலத்து மக்களின் தொழிலையும் சொல்லிவிடுகிறது. தொழில் இல்லாத நிலம் அந்த இலக்கணத்தில் கிடையாது. தொழிலைக் கழித்துவிட்டு மிச்சத்தை 'இயற்கை' என்று கூண்டு கட்டி வைத்தது பிற்காலம். மெட்ராசில் டிரெவெல்யன் காலத்தில் போட்ட பீப்பிள்ஸ் பார்க், பெயரில் மக்களை வைத்துக்கொண்டு, உள்ளே மிருகங்களையும் வைத்துக்கொண்டது. பூங்கா சிறிது சிறிதாகக் கட்டடங்களுக்குள் கரைந்தது. மிருகங்கள் 1985இல் வண்டலூருக்குப் போயின. விலங்குகள் நம் வாழ்விலிருந்து மறைந்துபோனதற்கான நினைவுச் சின்னமே மிருகக்காட்சிசாலை என்று ஜான் பெர்ஜர் எழுதியிருக்கிறார். அமிர்தியில் கம்பிக்குப் பின்னால் முள்ளம்பன்றியைப் பார்க்கும்போது எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. அதே முள்ளம்பன்றி கம்பிக்கு அந்தப் பக்கம், மறுபாதிக் காட்டில், யாரும் பார்க்காமல் உலாத்திக்கொண்டிருக்கும். மறைந்துபோனது விலங்கா, அதைப் பக்கத்தில் வைத்து வாழத் தெரிந்திருந்த ஜனமா என்பது பெர்ஜரும் தொட்ட கேள்விதான்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது தோழர் ஒருவர் கேட்டார்: "அப்ப இந்தப் பார்க்கெல்லாம் தொழிலாளிக்கு ஞாயித்துக்கிழமை குடுக்கிற அபின்தானே?" சூழலியல் நண்பர் ஒருவர் நேர் எதிரிலிருந்து வந்தார்: ஞாயிறு கூட்டம் பிரியாணிப் பொட்டலமும் பாட்டிலுமாக வந்து காட்டைக் கெடுக்கிறது, நிறுத்த வேண்டும் என்றார். ரெண்டு பேருக்கும் அந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நான் இந்தப் பகுதிக்காரன். அந்தக் கூட்டத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருக்கிறார்கள். ஆறு நாள் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய், மேலாடைத் தோலை மெஷினில் ஓட்டவைத்து, இருட்டுகிற நேரத்தில் இறக்கி விடுகிறது. டேனரியில் சுண்ணாம்புத் தோலைச் சுமக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு வாடை உண்டு. சோப்புக்குப் போகாது. இந்தச் சமூகத்தில் அந்த வாடை வெறும் வாடையும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் நகர்ந்து உட்காரும்போது அது சாதியாக மாறிவிடும். மழைக்காலத்தில் அமிர்தித் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தால் ரெண்டு நாளைக்கு உடம்பு நம்முது மாதிரி இருக்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். இதை அபின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் உடம்பைத் தனதென்று உணர்கிற அரை நாள் அது. அதே சமயம், அந்த அரை நாளுக்காகக் காடு ஒரு பாதி வெட்டித் திருத்தப்பட்டிருக்கிறது, மலைக்காரர் ஒதுக்கப்பட்டிருக்கிறார் என்பதும் உண்மை. ஒடுக்கப்பட்ட ரெண்டு ஜனங்களை அந்த வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிறுத்தி, நடுவில் டிக்கெட் கவுண்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறது அரசு. நம் இயக்கங்களும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டன: காட்டுக்கு ஒரு குழு, தோலுக்கு ஒரு சங்கம், ஆற்றுக்கு ஒரு மன்றம். ஒரே மேடையில் மூன்றையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

2015 ஜனவரி 31 விடியலுக்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். வேலூர்க் கோட்டைப் பூங்காவின் புல்லில் சாயங்காலம் வங்காளி பேச்சு கேட்கும், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள். அதே மொழிக்காரர்கள்தான் கழிவுத் தொட்டி ஓரமும் படுத்திருந்தார்கள். பட்டியல்காரனுக்கு முன்னவரைத் தெரியும். பின்னவரைத் தெரியாது.

2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் சொன்னது: பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பாக்கி இழப்பீட்டைக் கொடுங்கள், ஆலைகளிடமிருந்து வசூல் செய்யுங்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம் ஓடியிருக்கிறது. வழக்கு நடந்த காலத்தில் கிணற்றடியில் விளையாடிய பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும்போது நஞ்சுகொண்டாபுரம் என்று ஒரு ஊர் வரும். நஞ்சு முதலில், அமிர்தம் பிறகு. பாற்கடல் கதையின் வரிசை இதுதான் என்று சொல்லி ரசிக்கிற புராண வாசகர்கள் இருப்பார்கள். அந்த ஊர்ப் பெயரின் வரலாறு வேறாக இருக்கும், அதில் நான் கை வைக்கப் போவதில்லை. கடையப்பட்டது நம் பாலாறு என்பதும், கயிறாகக் கிடந்தது யார் உடம்பு என்பதும் மட்டும் எனக்குத் தெரியும்.

ஒரு யோசனை. அடுத்த இதழுக்குள் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை ஊர் ஊராகப் பாழான கிணறுகளின் பட்டியல் ஒன்றை, அதே துண்டறிக்கை மொழியில் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். தொலைவு, வழித்தடம், பஸ் வசதி, பார்வை நேரம், தண்ணீரின் நிறம், எந்த வருஷம்வரை குடித்தார்கள். ஆம்பூர்ப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். வாணியம்பாடியையும் பேரணாம்பட்டையும் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது. மலை மேல் பேசுகிறவர்கள் யாரேனும் கூட வந்தால் இன்னும் நல்லது.