பூனம் ஏன் சாகவேண்டும்?

வானொலிப் பெட்டி பாட்டுக்காக மட்டும் படைக்கப்பட்டதன்று. எழுத்தறியாத ஏழையின் அடுக்களைக்குள்ளும் அழைப்பின்றி நுழையும் ஆற்றல் அதற்குண்டு. அந்த ஆற்றலைப் பெண்ணுரிமைக்குப் பயன்படுத்திய முயற்சிகளுள் பேர்பெற்ற ஒன்று, 1996 பிப்ரவரி முதல் ஓராண்டுக் காலம் அகில இந்திய வானொலி 104 பகுதிகளாக ஒலிபரப்பிய 'தின்கா தின்கா சுக்' என்னும் நாடகம். இந்தி நாடகமாயிற்றே என்று முகஞ்சுளிக்க வேண்டா, தோழர்களே! நாம் எதிர்ப்பது திணிப்பை. அந்த மொழியில் விம்மும் பெண்ணை அல்ல.

அந்நாடகத்தில் பூனம் என்றொரு பெண் வருகிறாள். கொண்டுவந்த வரதட்சணை போதவில்லையென்று புகுந்த வீட்டார் அடிக்கின்றனர், ஏசுகின்றனர். கற்பின்மீதும் பொய்ப்பழி சுமத்துகின்றனர். அவள் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்கிறாள்.

உத்தரப் பிரதேசத்தில் லுத்சான் என்றோர் ஊர். பூனத்தின் முடிவைக் கேட்டு அவ்வூர் கலங்கியது. ஊர்த் தையற்காரர் ஒருவர் முன்னின்றார். 1996 டிசம்பரில் 184 பேர் கையொப்பமும் கைநாட்டும் வைத்த பெரிய கடிதமொன்று வானொலி நிலையத்துக்குப் போயிற்று. இனி வரதட்சணை கொடோம், வாங்கோம் என்பது அதன் சாரம். வரதட்சணைத் தடைச் சட்டம் பிறந்தது 1961இல். 1983இலும் 1986இலும் தண்டனைச் சட்டத்தில் கடும் பிரிவுகள் சேர்ந்தன. ஏட்டில் 35 ஆண்டு இருந்த சட்டம் எழுப்பாத ஊரை ஒரு குரல் எழுப்பிற்று என்றால், அக்கலையின் வலிமையை யார் மறுப்பார்? வானொலியில் பூனத்துக்கு முகமில்லை. முகமில்லாததனாலேயே ஒவ்வொரு தந்தையும் தன் மகளின் முகத்தை அவளுக்குப் பொருத்திப் பார்த்தான். திரையில் தோன்றும் அழகியால் ஆகாத காரியம் இது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னரே என் வழக்கைத் தொடுக்கிறேன்.

அவ்வூரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ், மைக்கேல் பாப்பா முதலியோர் நல்ல மாற்றங்களை எழுதினார்கள். இளைஞர்கள் கூடிப் பேசத் தொடங்கியதை எழுதினார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே கிடந்த முரண்பாட்டையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை. உறுதிமொழிக்குப் பின்னும் வரதட்சணை அவ்வூரைவிட்டு ஓடிவிடவில்லை. வியப்பென்ன? செத்தவளுக்காக அழுவதற்குச் செலவில்லை. இருக்கின்றவளுக்கு வீட்டில் இடம் கொடுப்பதற்குத்தான் செலவு!

சென்ற ஆண்டு என் வகுப்பில் இக்கதையைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். "பூனம் ஏன் டீச்சர் அவங்க அம்மா வீட்டுக்குப் போகல?" என்றாள் ஒருத்தி. நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து விடை வந்தது: "போனா மட்டும்? பொறுத்துப் போம்மான்னு மறுநாளே பஸ் ஏத்தி விட்ருவாங்க." வகுப்பு சிரித்தது. சொன்னவள் சிரிக்கவில்லை.

அந்தப் பின்வரிசைக் குரல்தான் நாடக ஆசிரியர்களுக்கு எட்டவேண்டிய குரல். மாமியாரைக் கொடியவளாக்குவது எளிது. கேட்போர் எல்லாரும் வேறொருத்தியை ஏசிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். மகளைத் திருப்பியனுப்பும் தாயையும், 'ஊர் என்ன சொல்லும்' என்று உத்தரத்தைப் பார்க்கும் தந்தையையும் ஒலிவாங்கியின் முன் நிறுத்தினால் எத்தனை பேருக்கு உறக்கம் வரும்?

'அவள் செத்ததனாலன்றோ ஊர் விழித்தது' என்பர். விழித்தது ஊர், சரி. ஆனால், அதே ஓசையை அதே இரவில் கேட்ட மருமகளொருத்தி என்ன கற்றாள்? பாத்திரத்தைப் படைத்தவனின் கருத்து கேட்பவளின் கருத்தாகிவிடுவதில்லை. 1984-85இல் தொலைக்காட்சியில் வந்த 'ஹம் லோக்' தொடரில் பாகவந்தி என்னும் தாயை, அடங்கிக் கிடந்து அல்லற்படுவதற்கு எச்சரிக்கையாகப் படைத்தார்கள். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் அவளையே உத்தமி என்று போற்றினர்! ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி விளக்கஞ் சொல்லியும் இந்தக் கதி. தியாகத்தைத் தெய்வமாக்கியே பழகிய செவிகளுக்குச் சாவும் ஒரு தியாகமாகவே ஒலிக்கும். இது கலையின் பிழை மட்டுமன்று, ஆபத்துமாகும்.

எனக்கு வேண்டிய பூனம் உயிரோடிருப்பவள். இரவு எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். கையில் சிறு பை. தாய்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கெரிகிறது, பேச்சு நின்றுபோகிறது. திறப்பார்களா? அங்கே அந்த வாரப் பகுதியை நிறுத்துங்கள். அடுத்த வாரம்வரை அந்த 184 பேரின் வீடுகளும் அந்தக் கதவைப் பற்றிப் பேசட்டும். திறக்காவிட்டால் அவள் ஏறவேண்டிய காவல் நிலையத்தின் படி எது, அங்கே எழுதித் தரவேண்டியது என்ன, பாதியில் நின்ற படிப்பை எப்படித் தொடர்வது என்பவற்றையெல்லாம் அவள் நடந்தே காட்டட்டும். எழுதுவதற்குக் கடினந்தான். சாவுக் காட்சிக்கு ஷெனாய் போதும். வாழ்வுக் காட்சிக்குச் செய்தி வேண்டும்.

இந்தக் காட்சியை நானே எழுதி, பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிநாடகமாக நடத்தக் கேட்டேன். 'விழா நாளில் இதெல்லாம் எதற்கு' என்றார்கள். ஆகவே, வகுப்பிலேயே திரை கட்டி நடத்தினோம். தாயின் குரலாகப் பேச எவளும் முன்வரவில்லை. கடைசியில் அந்தப் பின்வரிசைப் பெண்தான் எழுந்து வந்தாள்.