கண் பெயர்த்த ஆடல்: தியோபில் கோத்தியேயும் திருவந்திபுரத்து ஆடல் மகளிரும்

‘பாலே’ என்னும் சொல்லும் ‘பயதேர்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பிற்கால இலத்தீனில் ஆடுதலைக் குறித்த ‘பல்லாரே’ என்னும் வினை, இத்தாலியில் ‘பல்லோ’ எனப் பெயராகி, குறுமை விகுதி ஏற்றுப் ‘பல்லெத்தோ’ ஆகி, பிரெஞ்சில் ‘பாலே’ எனத் திரிந்தது. அதே வேர் போர்த்துக்கீசியத்தில் ‘பைலார்’ என வழங்கி, ஆடுபவளைக் குறிக்கும் ‘பைலதெய்ரா’ என்னும் பெயரைத் தந்தது. இந்தியக் கடற்கரைப் பகுதிகளில் கோயில் ஆடல் மகளிரைக் கண்ட போர்த்துக்கீசியர் அவர்களை இப்பெயராலேயே சுட்டினர். பிரெஞ்சுக்காரர் அதனைக் கடன் வாங்கிப் ‘பயதேர்’ என்றனர். 1838-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பாலேயும் பயதேரும் நேருக்கு நேர் நின்றபோது இவ்வுறவை நினைத்தவர் எவருமிலர்.

பெயர் மாற்றத்தில் இழப்பு ஒன்றும் நேர்ந்தது. தேவரடியார், பதியிலார், தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் தமிழ்ப் பெயர்கள் கோயிலோடு அம்மகளிர்க்கு இருந்த உறவையும் உரிமையையும் முதற்கண் சுட்டுவன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் நெல்லும் வகுத்ததைக் கூறும்போது அவர்களைக் கோயிலைச் சார்ந்தவர்களாகவே பதிவு செய்கின்றது. ‘பைலதெய்ரா’ என்னும் சொல்லிலோ ஆட்டம் மட்டுமே எஞ்சுகின்றது. பிரெஞ்சு ‘பயதேர்’ அவ்வாட்டத்தையும் விட்டு வெறும் மயக்கப் பொருளில் மிதக்கத் தொடங்கியது. தியோபில் கோத்தியே (1811–1872) என்னும் பாலேக் காதலர் கையில் கிடைத்தது இவ்வாறு மிதந்த சொல்லேயாகும்.

கோத்தியே கவிஞர், புதின ஆசிரியர். இளமையில் ஓவியம் பயின்றவர். 1836 முதல் ‘லா பிரெஸ்’ நாளிதழில் கலைத் திறனாய்வு எழுதினார். நாடகம், பாலே இரண்டையும் கிழமைதோறும் அளந்து எழுதிய அவருடைய கட்டுரைகளே அக்காலப் பாலேயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயவை. பார்வையாளராக மட்டும் அவர் நின்றுவிடவில்லை. 1841 சூன் 28-இல் பாரிஸ் ஓப்பராவில் அரங்கேறி இன்றளவும் ஆடப்பெறும் ‘ஜிசேல்’ பாலேயின் கதைத்திட்டத்தை வெர்னுவா த சேன்-ழோர்ழுடன் இணைந்து எழுதியவர் அவர். மணமாகுமுன் இறந்த கன்னியரின் ஆவிகள் இரவில் ஆடும் என்னும் கருத்தை ஹைன்ரிக் ஹைனேயின் நூலிலிருந்து எடுத்தார். நாயகியாக ஆடியவர் கார்லோத்தா கிரிசி.

1838-ஆம் ஆண்டுக் கோடையில் தார்திவேல் என்னும் பிரெஞ்சு முனைவர் ஒருவர், புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கடலூரை அடுத்த திருவந்திபுரத்து ஆடல் மகளிர் ஐவரையும் இசைவாணர் மூவரையும் போர்தோ துறைமுகம் வழியாகப் பாரிசுக்கு அழைத்து வந்தார். மன்னர் லூயி-பிலிப் முன்னிலையில் ஆடியபின் ஆகஸ்டுத் திங்களில் வாரியேத்தே அரங்கில் அவர்கள் ஆடினர். அங்கிருந்து இலண்டன் அடெல்பி அரங்குக்குச் சென்றனர். பொதுமக்கள் காணுமுன்னரே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குச் சென்று பார்த்து எழுதியவர்களுள் கோத்தியே ஒருவர்.

அவர்களுடைய பெயர்கள் பிரெஞ்சு ஏடுகளில் பதிவான முறை மொழியியலாரின் கருத்துக்குரியது. தில்லே, அமனி, சுந்திரூன், ரங்கூன், வெய்தூன் என மகளிர் பெயர்கள் அச்சாயின. தில்லம்மாள், அம்மணி, சுந்தரம், ரங்கம், வேதம் என இவற்றை மீட்டெடுக்கலாம். (ரங்கூன் என்பதைப் படித்த பிரெஞ்சு வாசகர் பர்மியத் துறைமுகத்தை நினைத்திருப்பின் வியப்பில்லை.) மகர ஈறு இங்கு ‘ஊன்’ ஆனதைக் கேட்டெழுதியோரின் பிழை என ஒதுக்குதல் பொருந்தாது. பேச்சுத் தமிழில் ‘அம்’ ஈறு மெய்யொலி இழந்து, இதழ் குவிந்த மூக்கின உயிராக ஒலிக்கும். மூக்கின உயிர்களைத் தம் மொழியிலேயே உடைய பிரெஞ்சுக்காரர் அதனைத் தெளிவாகக் கேட்டுத் தம் எழுத்தில் வடித்தனர். எழுத்துத் தமிழ் மறைத்துவிடும் 1838-ஆம் ஆண்டுப் பேச்சொலி ஒன்று இவ்வகையில் ஒரு நாடக விளம்பரத்தில் சிக்கியிருக்கின்றது எனலாம். இசைவாணருள் ஒருவர் பெயர் ‘தெவெனெயகோர்ன்’. இதில் தேவநாயகன் என்னும் பெயர் தெரிகின்றது. திருவந்திபுரத்துப் பெருமாளின் திருப்பெயரும் அதுவே. ஊர்ப்பெயர் ஏடுகளில் எவ்வாறு சிதைந்திருப்பினும் இவ்வொரு பெயர் அதனை உறுதிப்படுத்துகின்றது.

பெயரை இத்துணை நுட்பமாகக் கேட்ட செவிகள் பாட்டைக் கேட்கவில்லை. இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. பாரிஸ் ஓப்பரா எட்டாண்டுகளுக்கு முன்னரே தன் பார்வையாளரை இதற்குப் பழக்கியிருந்தது. கேத்தேயின் கதைப்பாடலைத் தழுவி, ஸ்கிரீபின் சொல்லும் ஓபேரின் இசையுமாக 1830-இல் அரங்கேறிய ‘கடவுளும் பயதேரும்’ ஓப்பராவும் பாலேயும் கலந்த படைப்பு. அதில் பிறர் பாடுவர். நாயகி சொலோயே பாடமாட்டாள், பேசவும் மாட்டாள். அப்பாத்திரத்தை மரி தாலியோனி ஆடினார். ஆடுபவள் ஊமை, பாடுபவர் வேறொருவர் என்னும் பிரிவினை இவ்வாறு பயதேர் என்னும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. சதிர் மரபில் இப்பிரிவினைக்கு இடமில்லை. பதம் ஒன்றின் ஒரே அடி பலமுறை பாடப்பெற, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருள்நிழலை முகமும் கையும் விரித்துரைக்கும். தோழியிடம் பேசுகிறாளா, தலைவனிடமே பேசுகிறாளா, ‘நீ’ என்கிறாளா, ‘நீர்’ என்கிறாளா என்பதைப் பொறுத்து ஊடல் ஏளனமாகவும் ஏளனம் இரக்கமாகவும் மாறும். சொல் அறியாதவர்க்கு இவையனைத்தும் கண்ணசைவு என்னும் ஒன்றாகவே தோன்றும். கோத்தியேக்கும் அவ்வாறே தோன்றின.

இவ்விடைவெளியை நிரப்பியவை ஆட்டங்களுக்கு இடப்பட்ட தலைப்புகள். அரசருக்கு வணக்கம், குத்துவாள் ஆட்டம், துணியை முறுக்கிப் புறா வடிவம் சமைக்கும் ஆட்டம் என நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பெற்றன. ‘மாலாப்பு’ என்னும் தலைப்பு மட்டும் மூலச்சொல்லின் சாயலோடு அப்படியே நின்றது. பார்வையாளர்க்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு முழுவதும் இத்தலைப்புகளே. அரசருக்கு வணக்கம் என்பது தஞ்சை மராத்தியர் அவையில் வழங்கிய சலாம் தருவை நினைவூட்டுகின்றது. ஆயின் யாருடைய புகழ் எம்மொழியில் பாடப்பெற்றது என்பதைத் தலைப்பு கூறாது.

கோத்தியேயின் கட்டுரைக்குரிய பெருமையை மறுத்தல் நேர்மையன்று. பாரிசில் பலர் இவ்வாட்டத்தை வேடிக்கையாகக் கண்டு நகைத்த வேளையில் இதனைக் கலையென ஏற்று எழுதியவர் அவர். பாலே நடனமணி பெரும்பாலும் காலால் ஆடுகிறாள், இவர்களோ விழி முதல் விரல் வரை முழுவுடலாலும் ஆடுகின்றனர் என்னும் வேறுபாட்டை உணர்ந்தார். அம்மணியின் தோல்நிறத்தைப் புளோரன்சு நகர வெண்கலச் சிலையோடு ஒப்பிட்டார். நகை, உடை, தலையணி ஆகியவற்றை ஓவியர்க்குரிய துல்லியத்தோடு வரிசைப்படுத்தினார். குறை இங்குத்தான் தொடங்குகின்றது. வெண்கல உவமை ஆடுபவளை நிறுத்திவைக்கின்றது. சிற்பி ஒகுஸ்த் பார் அதே ஆண்டில் அம்மணியை உண்மையாகவே சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். கட்டுரையும் சிலையும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றன. கட்டுரை அசைவைக் கூறவேண்டிய இடத்தில் வடிவைக் கூறி அமைகின்றது. கீழைநாட்டுப் பெண் என்பதால் கோத்தியே இவ்வாறு எழுதினார் என்று மட்டும் கொள்ளுதல் முழுவிளக்கம் ஆகாது. ஃபன்னி எல்ஸ்லரைப் பற்றி எழுதும்போதும் அவர் தோள், கை, கால் என உறுப்புகளை எண்ணியே மதிப்பிடுகிறார். பாரிஸ் நடனமணிக்கும் திருவந்திபுரத்து நடனமணிக்கும் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே. எல்ஸ்லரின் ஆட்டத்தில் அவர் இழந்த சொல் எதுவும் இல்லை. அம்மணியின் ஆட்டத்திலோ பாதியை இழந்தார்.

கோத்தியேயைத் தமிழாக்க விழைவோர் சந்திக்கும் முதல் இடர் அவருடைய புகழ்பெற்ற பகுப்பு. தாலியோனி கிறித்தவ நடனமணி, எல்ஸ்லர் ‘பேகன்’ நடனமணி என்றார் அவர். தமிழில் ‘பேகன்’ என ஒலிபெயர்த்தால் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் அரங்கில் வந்து நிற்பான். ‘புறச்சமயத்தவள்’ என்பது அதனினும் தவறு; அது சமயப் பூசலைக் கொண்டுவரும். கோத்தியே கருதியது சமயம் அன்று. ‘லா சில்ஃபீது’ (1832) பாலேயில் நிலத்தைத் தொட மனமில்லாதவர்போல் மிதந்த தாலியோனியையும், 1836-இல் ஸ்பானிய ‘கச்சூச்சா’ ஆட்டத்தில் மண்ணின் சூட்டோடு ஆடிய எல்ஸ்லரையுமே அவர் வேறுபடுத்துகிறார். விண்ணவள், மண்ணவள் என்னும் இணை இதற்கு நெருங்கி வரும்.

கலைச்சொற்கள் இதைவிடக் கடினமானவை. பாலே அசைவுகளின் பெயர்கள் பிரெஞ்சிலேயே உலகெங்கும் வழங்குகின்றன; உருசியரும் ஆங்கிலேயரும் அவற்றை மாற்றவில்லை. தட்டடவு, நாட்டடவு, மெட்டடவு ஆகியன வேற்றுநாட்டு வகுப்பறைகளிலும் தமிழ்ப் பெயரோடு நிற்பது இதற்கு ஒப்பு. ஆதலின் ‘பிலியே’யை அரைமண்டி எனப் பெயர்க்கும் வழக்கம் கைவிடத்தக்கது. பிலியே ஒரு செயல். முழங்கால் மடிந்து மீளும். பெரும்பாலும் தாவலுக்கும் சுழற்சிக்கும் ஆயத்தம். அரைமண்டி ஒரு நிலை. அதில் நின்றே அடவுகள் பிறக்கின்றன. ஒன்று மேலெழும்பும் பொருட்டுத் தாழ்கின்றது. மற்றொன்றில் தாழ்ந்திருத்தலே அழகு. வடிவொற்றுமை கண்டு இரண்டையும் சமன்படுத்துவது கோத்தியே செய்த பிழையைத் திருப்பிச் செய்வதாகும்.

ஆயினும் பொதுத் திறனாய்வுச் சொற்களுக்குத் தமிழில் வறுமையில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன் அமைதியைக் கூறுமிடத்துப் பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்னும் சொற்களை ஆள்கின்றது. பிண்டி ஒற்றைக்கை, பிணையல் இரட்டைக்கை. அழகின் பொருட்டு அமையும் கை எழிற்கை; செயலை உணர்த்தும் கை தொழிற்கை. பாலேயிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘போர் த பிரா’ எனப்படும் கையொழுங்கு பொருள் எதுவும் சுட்டாதது; கதை கூறும் மைம் கைகள் வேறு. முன்னதை எழிற்கை எனவும் பின்னதைத் தொழிற்கை எனவும் கூறின், ‘ஜிசேல்’ முதற்காட்சியையும் இரண்டாங்காட்சியையும் ஒப்பிட்டு எழுதும் தமிழ்க் கட்டுரை அடைமொழிகளின்றி நடக்கும். வேறெந்த இந்திய மொழியின் திறனாய்வாளர்க்கும் இவ்வளவு அணிமையில் இத்தகைய இணை கிடைக்குமா என்பது ஐயம்.

கோத்தியே இந்தியப் பொருளுக்கு மீண்டும் திரும்பினார். 1858-இல் எர்னஸ்து ரெயேயின் இசைக்கும் லூசியன் பெத்திப்பாவின் நடன அமைப்புக்கும் ‘சகுந்தலா’ பாலேக் கதையை எழுதினார். காளிதாசர் நாடகத்தில் அரசன் வடமொழியும் சகுந்தலை பிராகிருதமும் பேசுவர். யார் எம்மொழி பேசுகிறார் என்பதே அங்குப் பாத்திரத் தன்மை. பாலே இரண்டையும் ஒருங்கே நீக்கிற்று. லூசியனின் தம்பி மாரியுஸ் பெத்திப்பா 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்த ‘லா பயதேர்’ இன்றும் ஆடப்பெறுகின்றது. அதன் நிழலுருக் காட்சியில் வெள்ளுடை மகளிர் ஒருவர்பின் ஒருவராகச் சரிவில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து இறங்குவது பாலேக் கலையின் சிகரங்களுள் ஒன்று. அதில் இந்தியா எதுவும் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. 2024-இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் இப்பாலேயின் கதையை 1930-களின் ஆலிவுட் திரையுலகுக்கு மாற்றி ஆடினர். நடனத்தைக் காக்கவேண்டிப் பொய்யான இந்தியாவைக் கழற்றியது தக்க செயலே. ‘பயதேர்’ என்னும் சொல் அங்கு இறுதியாகத் தன் பொருளை முற்றும் இழந்தது.

1838-இல் அம்மணி ஆடியதற்கு நிழற்படம் இல்லை. தாகேரின் கண்டுபிடிப்பு அடுத்த ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. திரைப்படம் தோன்ற ஐம்பத்தேழு ஆண்டுகள் எஞ்சியிருந்தன. எனவே திறனாய்வாளரின் சொல்லே ஆவணமாயிற்று. தேவரடியார் மரபில் வந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதியை (1918–1984) சத்யஜித் ராய் 1976-இல் ‘பாலா’ என்னும் ஆவணப்படமாக எடுத்தபோது நிலை மாறியிருந்தது. கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே’ பாடலுக்கு அவர் அபிநயிக்கும் பகுதியில் காற்று சேலையை அலைக்கழிக்கின்றது; அரங்கின் அடக்கத்துக்குப் பழகிய கண்ணுக்கு அவ்வெளி இடையூறே. ஆயின் ராயின் படக்கருவி முகத்தையும் கையையும் விட்டு நகரவில்லை, பாட்டும் அறுபடவில்லை. அழைக்கும் சொல் ஒன்றே. அழைக்கும் கை ஒவ்வொரு முறையும் வேறாகின்றது. பாடல் கன்னடம். அதனைக் காணும் தமிழ்ப் பார்வையாளர்க்கும் ‘பேகனே’ என்பது ‘விரைந்து’ எனப் பொருள்படும் என்று யாரேனும் சொல்லவேண்டியிருக்கின்றது.