பசை மணக்கும் பட்டறை

குழந்தைகள் நாடகப் பட்டறையில் மேடையேற்றத்தைவிட எனக்குப் பிடித்தது முகமூடி செய்யும் நாள். களிமண்ணில் மூக்கும் புருவமும் கன்னமேடும் பிடித்து, அதன்மேல் முதலில் வெறும் ஈரத்தாளைப் போர்த்துகிறார்கள். பிறகு, காய்ச்சிய மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். தாளைக் கத்தரியால் வெட்டுவதில்லை, கையால்தான் கிழிக்க வேண்டும். பிசிறுள்ள ஓரம்தான் வளைவில் தடம் தெரியாமல் படியும். அந்தச் சர்ர் சத்தம் அறை முழுக்க ஓடுகிறது. மூக்கோரத்தில் சிக்கிய காற்றுக்குமிழை ஒரு சிறுவன் விரல்நுனியால் நீவி நீவி வெளியேற்றுகிறான். அவனை யாரும் அமைதியாக உட்காரச் சொல்லவில்லை.

ஏழெட்டு அடுக்காவது வேண்டும். நன்றாகக் காயாமல் கழற்றினால் கன்னம் குழிந்துவிடும். காய்ந்த முகமூடியைத் தட்டினால் கொட்டாங்கச்சிபோல ஒலிக்கிறது. வண்ணம் பூசி, நூல் கட்டி மாட்டியதும், பேசவே கூச்சப்பட்ட சிறுமி புலியாக உறுமுகிறாள்! யாருக்கு எந்த முகம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யும் பட்டறைதான் நல்ல பட்டறை. உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படியொன்று நடந்தால், நாடகத்தன்று மட்டுமல்ல, பசை பிசையும் நாளிலும் போய்ப் பாருங்கள்.