வரிகளுக்கு நடுவே விட்ட இடம்

அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய மரபு மாதம். செலியா குரூஸ், ஃப்ரீடா காலோ, ரொபெர்டோ கிளெமெண்டே, சேசர் சாவேஸ் என்று ஸ்பானிய வேர் கொண்ட சாதனையாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் குழந்தைப் படப் புத்தகங்கள் அந்த நாட்களில் பள்ளி நூலகங்களின் முன்வரிசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் நாற்பது பக்கத்தைத் தாண்டாதவை. இவற்றில் கணிசமானவை உரைநடையை விட்டுவிட்டுப் புதுக்கவிதையில் எழுதப்படுகின்றன. காரணம் புரியாததல்ல. படம் பக்கத்தை நிறைத்துக்கொள்ள, மிஞ்சிய இடத்தில் பத்து வரிதான் நிற்கும். வீட்டில் ஸ்பானியமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் பிள்ளைக்குக் குட்டி வரிகளை வாய்விட்டுப் படிப்பதும் எளிது.

ஆனால் கவிதை இன்னொரு சலுகையையும் தருகிறது. எதைச் சொல்லாமல் விட்டாலும் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. உரைநடையில் இருபது ஆண்டுகளைத் தாண்டிக் குதித்தால் வாசகர் முகம் சுளிப்பார். கவிதையில் ஒரு வரி இடைவெளி விட்டால் போதும். இந்தச் சலுகை ஆவணம் குறைந்த வாழ்க்கைகளுக்கு வரம். ஆவணம் நிறைந்த வாழ்க்கைகளில் அது திரையாகிவிடுகிறது.

வரமாக அமைந்த இடத்தைப் பார்க்க மார்கரிட்டா எங்கிளைப் படிக்க வேண்டும். கியூபத் தாய்க்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், 2009இல் குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி ஹானர் விருது பெற்றவர். 2006இல் வந்த ‘தி போயட் ஸ்லேவ் ஆஃப் கியூபா’, அடிமையாகப் பிறந்து கவிஞரான ஹுவான் ஃபிரான்சிஸ்கோ மன்சானோவின் வாழ்க்கை. மன்சானோ எழுதிய தன்வரலாற்றின் இரண்டாம் பகுதி காணாமற்போய்விட்டது. எங்கிள் மன்சானோவை மட்டும் பேசவைக்கவில்லை. அவரைத் துன்புறுத்திய சீமாட்டியையும் பேசவைக்கிறார். தான் செய்வது கொடுமை என்றே அறியாத குரல் அது. உரைநடை ஆசிரியர் ‘அவள் கொடியவள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான இந்த நூலில், தீர்ப்பு வாசகர் கையில் விடப்படுகிறது. ஷான் குவால்ஸின் கறுப்பு வெள்ளைப் படங்களும் கண்ணுக்கு இதமாக இருக்க முயலவில்லை.

2017இல் வந்த ‘பிராவோ!’ வேறு வகை. பதினெட்டுப் பேர், ஆளுக்கு ஒரு கவிதை, ரஃபேல் லோபஸின் படங்கள். தேர்வுதான் இதன் பலம். ஐம்பது வயதைத் தாண்டித் தாவரவியலுக்கு வந்து செடி சேகரிக்கக் காடுமலை ஏறிய இனெஸ் மெஹியா இருக்கிறார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, 1903இல், பாரிஸில் தனியாக வான்கப்பல் ஓட்டிய ஐடா டி அகோஸ்டா இருக்கிறார். ஹிஸ்பானியர் என்றால் பாட்டும் பந்தும்தான் என்ற எண்ணம் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தளர்ந்துவிடும். குறை எங்கே என்றால், கவிதைகள் அந்தந்த ஆளின் வாயிலிருந்தே ‘நான்’ என்று வருகின்றன. ஆனால் குரல் ஒன்றாகவே ஒலிக்கிறது. தாவரவியலாளரும் மாட்டுக்காரரும் நோபல் பெற்ற மருத்துவ அறிஞரும் ஒரே மென்மையில், ஒரே நம்பிக்கையில் பேசுகிறார்கள். பேர் மாற்றி வைத்தால்கூடப் பல வரிகள் பொருந்திப்போகும்.

எங்கிளும் லோபஸும் சேர்ந்து 2015இல் தந்த ‘டிரம் டிரீம் கேர்ள்’ இந்த வகையின் மிகச் சிறந்த புத்தகம் என்பேன். பெண்கள் மேளம் அடிக்கக் கூடாது என்றிருந்த தீவில், காதில் விழும் ஒவ்வொரு ஓசையிலும் தாளம் கேட்கும் ஒரு சிறுமி. அப்பா முதலில் மறுக்கிறார், பிறகு அவரே ஆசிரியரிடம் அழைத்துப் போகிறார். வரிகள் தட்டும் கைபோலக் குறுகிக் குறுகி விழுகின்றன. படித்துக் காட்டினால் பிள்ளைகள் தொடையில் தட்டத் தொடங்கிவிடுவார்கள். அவள் பெயர் மில்லோ காஸ்ட்ரோ ஸல்தாரியாகா என்பது பின்குறிப்பில்தான் தெரிகிறது.

இங்கேயும் ஒன்று உதிர்ந்திருக்கிறது. மில்லோ வாசித்த ‘அனகவோனா’ குழுவை 1932இல் தொடங்கியவர் அக்கா குச்சித்தோ, பல் மருத்துவ மாணவி. கியூபாவின் சர்வாதிகாரி மச்சாடோ பல்கலைக்கழகத்தை இழுத்து மூடியதால் படிப்பு நின்றது, வருமானத்துக்கு இசைக்குழு. அக்கா தங்கைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒரு வீட்டுப் பெண்கள் சேர்ந்து பிழைத்த கதை புத்தகத்தில் ஒரு சிறுமியின் கனவாகச் சுருங்கிவிட்டது. கனவு அழகுதான். ஆனால் மூடிய கல்லூரியையும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், விளங்காத விஷயமல்ல.

ஒற்றை நாயகன் என்ற இந்தப் பழக்கம் அரசியல் வாழ்க்கைகளில் இன்னும் உறுத்துகிறது. கலிஃபோர்னியாவின் டெலானோவில் 1965 செப்டம்பர் 8 அன்று திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். சேசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அதன் பிறகே கைகோத்தது. சாவேஸ் பற்றிய குழந்தை நூல்களில் இந்த வரிசை பெரும்பாலும் மங்கிவிடுகிறது. இட்லியோங்குக்கென ஒரு படப் புத்தகம் வர 2018 ஆனது.

சிலி நாட்டுக் கவிஞர் நெரூதாவுக்கு வருவோம். மோனிகா பிரவுன் எழுதி ஜூலி பாஷ்கிஸ் படம் வரைந்த நூல் 2011இல் வந்தது. சொற்களே இலையாகவும் அலையாகவும் படத்துக்குள் மிதக்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காது. துணைத்தலைப்பு ‘மக்களின் கவிஞர்’. அங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. 1929இல் நெரூதா கொழும்பில் சிலியின் துணைத்தூதர் (கான்சல்). வெள்ளவத்தையில் தன் வீட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை வன்புணர்ந்ததைத் தன் நினைவுக்குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல், அச்சானது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயர் வைக்கும் பேச்சு எழுந்தபோது சிலியின் பெண்ணியர்கள் எதிர்த்தது இதனால்தான். தமிழில் நெரூதாவை விரும்பி மொழிபெயர்த்தவர்கள் நாம். இந்தப் பக்கத்தைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.

இதைக் குழந்தைப் புத்தகத்தில் எழுதச் சொல்லவில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முழு வாழ்க்கையையும் சொல்வதுபோல் காட்டி ‘மக்களின் கவிஞர்’ என்று முடிசூட்டும்போது, அந்த மக்களில் அவள் இல்லை என்று ஆகிவிடுகிறது. பாம் முன்யோஸ் ரயனின் ‘தி டிரீமர்’ (2010) செய்ததுதான் நேர்மையான வழி. கண்டிப்பான அப்பாவுக்குப் பயந்து வளரும் திக்குவாய்ச் சிறுவன் நெரூதாவின் பால்யத்தோடு அது நின்றுகொள்கிறது. பச்சை மையில் அச்சிட்ட நூல்; உள்ளே பீட்டர் சிஸின் படங்கள். இந்தச் சிறுவன் பின்னாளில் உத்தமனாக வாழ்ந்தான் என்று அது எங்கும் உறுதி கூறுவதில்லை.

வீட்டுப் பிள்ளைக்கு இந்த வகையில் ஒன்று வாங்குவதானால் ‘டிரம் டிரீம் கேர்ள்’ வாங்குங்கள், பின்குறிப்பையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். குச்சித்தோவின் கல்லூரிக் கதை அதில் கிடைக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நெரூதாவுக்கு ‘தி டிரீமர்’ போதும்.